துக்கத்துக்கு வந்தவர்

— கதவைத் திறக்கச் சொல்லுங்க, ஓதவ்ஜிகாகா. அமரேலி பஸ் நாலரைக்கு. நான் போயே ஆகணும்.

— போகலாம் கவிராஜ், போகலாம். முதல்ல காண்டியாவைச் சாப்பிடுங்க. பச்சை மிளகாய் வறுத்து வெச்சிருக்கா பாருங்க. டீயைச் சாஸர்ல ஊத்திக்கோங்க, சூடு.

— மன்னிக்கணும். என் புதுப் புத்தகத்தைப் பத்திப் பேசணும்னு கார் அனுப்பினீங்க. வந்தேன். உக்கார்றதுக்குள்ள அந்தம்மா வெளியிலேர்ந்து கதவைச் சாத்தினாங்க. கடகடன்னு ஒரு சத்தம். என்ன கதவு இது? உள்பக்கம் ஒரு பிடிகூட இல்ல!

— கப்பல் கதவு. கிரேக்கக் கப்பல். அலங் கடற்கரையில என் ஆளுங்க அதை உடைச்சப்போ இந்தக் கதவை மட்டும் எனக்குன்னு எடுத்து வெச்சேன். கடலே பொங்கினாலும் ஒரு சொட்டு உள்ள வராது.

— மூணாவது மாடியில படுத்திருக்கிற உங்களுக்கு எந்தக் கடல் பொங்கி வரப்போகுது?

— என் பெண்டாட்டியும் இதையேதான் கேட்டா, பாவம். மாட்டின மிஸ்திரி ஒரு கிறுக்கன். உள்ள வெளிய மாத்தி மாட்டிட்டான். திறக்கிற சக்கரம் அந்தப் பக்கம் போயிடுச்சு. கால் ஓடின காலத்துல அதைச் சொல்லிச் சொல்லி வர்றவங்களையெல்லாம் சிரிக்க வெச்சேன். இப்ப ரமிலா வந்து சுத்தினாத்தான் எனக்கு வெளியுலகம். நீங்க வந்து ஒரு மணி நேரம்கூட ஆகல, குதிக்கிறீங்க. நான் தீபாவளியிலேர்ந்து இங்கதான் கிடக்கேன்.

— கூப்பிட்டீங்களா பாபுஜி?

— இல்ல. கதவுல இருக்கிற வட்டக் கண்ணாடியைத் திறந்து மூஞ்சியை வெச்சு ஒட்டுக்கேக்காதே ரமிலா. உனக்கு வேற வேலையே இல்லையா?

— உங்களைப் பார்த்துக்கிறதுதானே என் வேலை? அதான் பார்க்கிறேன்.

— ரமிலாபென், நீங்களாவது சக்கரத்தைத் திருப்புங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

— தப்பா எடுத்துக்காதீங்க ஸாஹேப். பாபுஜி சொன்னாத்தான். உங்க செருப்பையும் எடுத்து ஒளிச்சு வெச்சுட்டேன். அதையும் தப்பா எடுத்துக்காதீங்க.

— நல்ல குடும்பம்! சரி காகா, நேராவே கேக்கிறேன். என்கிட்ட என்னதான் வேணும்?

— ஒரே ஒரு கஸல். உங்க வாயால.

— புதுசுல எது வேணாலும் சொல்றேன். உப்பளத்தைப் பத்தி ஒண்ணு இருக்கு...

— ஆவ்ஜோ.

— நினைச்சேன், அந்த கஸலைத்தான் கேப்பீங்கன்னு.

— நினைச்சீங்கள்ல? அப்ப சொல்லிடுங்க.

— அதை இனிமே மேடையிலயும் சொல்றதில்ல, வீட்லயும் சொல்றதில்ல. இந்த பாவ்நகருக்கே தெரியும். இன்னிக்கு அமரேலி நிகழ்ச்சிக்குக்கூட, அதைக் கேக்கமாட்டோம்னு அவங்க வாக்குக் கொடுத்த அப்புறம்தான் வரேன்னேன்.

— பேர் வாங்கிக் கொடுத்ததே அதுதானேய்யா!

— அதான் வினை! நாலு தொகுதி போட்டாச்சு. உப்பளத்தை எழுதினேன், கல்லூரிப் பசங்களை எழுதினேன், மழையில நின்னுபோன என் பழைய ஸ்கூட்டரை எழுதினேன். எவனாவது கேக்கறானா? மேடையேறினா 'ஆவ்ஜோ, ஆவ்ஜோ'ன்னு கத்தறான். காலையில பேப்பரைப் பிரிச்சா சாவு விளம்பரம். போட்டோவுக்குக் கீழ என் வரி. பெஸ்ணுவுக்குப் போனா, செத்தவர் படத்துக்கு முன்னாடி எல்லாரும் வெள்ளை உடுத்தி உக்காந்திருக்காங்க, ஆர்மோனியக்காரன் என் கஸலைப் பாடறான். என்னைப் பார்த்ததும் தொழில் கூட்டாளி மாதிரி ஒரு சிரிப்பு வேற.

— அதுக்கு நீங்க சந்தோஷப்படணும்.

— கல்யாணப் பத்திரிகை ஒண்ணு வருதா எனக்கு? போன மாசம் எங்க அபார்ட்மெண்ட்ல ஒரு பொண்ணைப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுக் கிளம்பினாங்க. லிஃப்ட் கதவு திறந்தா, உள்ள நான். மாமியார்க்காரி ஒரு நிமிஷம் என் மூஞ்சியைப் பார்த்தா. 'நாம படியில போலாம்மா'ன்னுட்டா. நிறைமாசப் பொண்ணு! நாலு மாடி!

— ஹி ஹி.

— சிரிங்க ரமிலாபென். உங்களுக்கென்ன! பால்காரன் கிளம்பறான், அவன்கிட்ட நான் என்ன சொல்லி அனுப்பறது? ஊர்ல அத்தனை பேரும் அத்தனை பேருக்கும் சொல்ற வார்த்தை அது. நான் வாயைத் திறந்து 'ஆவ்ஜோ'ன்னா அவன் முகம் வெளுத்துப் போகுது. தலையை மட்டும் ஆட்டி அனுப்பறேன், ஊமை மாதிரி. வார்த்தையை வெச்சுப் பிழைக்கிறவன், ஒரு வார்த்தைக்குள்ளயே மாட்டிக்கிட்டேன்.

— ஆனா ஸாஹேப், எங்க அத்தை பெஸ்ணுவுல அதைப் பாடினப்போ நான் தரையில விழுந்து புரண்டு அழுதேன். அத்தைமேல எனக்கு அவ்வளவா பிரியமே கிடையாது. அப்படியும் அழுதேன்னா பாருங்களேன்!

— கேட்டீங்களா காகா? இதான் என் புகழ்.

— அவ கிடக்கா. அது சாவுப் பாட்டு இல்லன்னு எனக்குத் தெரியும்.

— எல்லாரும் என்கிட்ட மரியாதைக்கு அப்படித்தான் சொல்லுவாங்க.

— மரியாதையா? எனக்கா? அதுல கடைசி ரெண்டு வரி இருக்கு. பாடறவன் எவனும் அதைப் பாடறதில்ல. புத்தகத்துல மட்டும்தான் இருக்கு.





— அந்த முதல் புத்தகம் உங்ககிட்ட எப்படி?

— கடையில வாங்கினேன். குமாஸ்தா வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சான், சேட் கவிதை படிக்கிறார்னு. கவிதையெல்லாம் எனக்குத் தெரியாதய்யா. கப்பல் கரையேறினதும் ஒரு சுத்துச் சுத்தி வந்து, இங்க வெட்டினா இப்படிப் பிளக்கும்னு சொல்லத் தெரியும். அப்படித்தான் உங்களதையும் சுத்திச் சுத்திப் பார்த்தேன். அதுல கூப்பிடறது செத்த ஆளை இல்ல. கோவிச்சுக்கிட்டுப் போன ஆளை. சரியா?

— சரி.

— யாரு?

— என் மனைவி. சேதனா.

— ஓ.

— பகல்ல கல்லூரி, சாயங்காலம் ஆனா கவியரங்கம், வீட்ல இருக்கிற நேரத்துல வார்த்தை தேடறேன்னு ஒரு மௌனம். 'நல்ல வார்த்தையெல்லாம் மேடைக்கு, உடைஞ்சது நசுங்கினது எனக்கா?'ன்னு கேட்டா. நானும் ஏதோ சொன்னேன். பாதிச் சண்டையில பெட்டியை எடுத்துக்கிட்டு பரோடாவுக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டா. எனக்குப் பேசித் திரும்பக் கூப்பிடத் தெரியல. எழுதினேன்.

— ம்.

— நல்ல குரல்காரர் ஒருத்தர் ரேடியோவுல பாடினார். கடைசி ரெண்டு வரியில சண்டை, கோபம்னெல்லாம் வருதா, சோகம் கெட்டுப்போகுதுன்னு அதை விட்டுட்டார். ஊரே அழுதுது. அவளும் கேட்டிருக்கா. போன் பண்ணினா. 'நான் உயிரோட இருக்கிறப்பவே எனக்குப் பெஸ்ணு வெச்சுட்டீங்களே! நல்லா வெச்சீங்க'ன்னா.

— அடப்பாவமே! மிச்சம் ரெண்டு வரி இருக்குன்னு சொல்லவேண்டியதுதானே?

— அந்த நிமிஷமே சொன்னேன். போன்லயே சொன்னேன். புத்தகம் அப்ப இன்னும் அச்சாகல. முழுசாக் கேட்டுட்டு, 'இப்பத்தானே சேர்த்தீங்க?'ன்னா. வெச்சுட்டா. இன்னும் பரோடாவுலதான் இருக்கா.

— ஸாஹேப், நிஜமாவா? உங்க பாட்டு சாவுக்கு எழுதினது இல்லையா?

— வாங்கன்னு கூப்பிட்டு எழுதினது, ரமிலாபென். அந்த வார்த்தைக்கு வேற என்ன அர்த்தம்? வாசல் தாண்டிப் போறவங்களைப் பார்த்து 'வாங்க'ன்னுதானே சொல்றோம் நாம? வா, திரும்பி வான்னுதானே? அதை எத்தனையோ பேர் சொல்லி, தேய்ஞ்சு போய், இப்ப யார் காதுலயும் 'வா' விழறதில்ல. 'போ'ன்னுதான் விழுது.

— கவிராஜ், நீங்களாவது 'வா'ன்னு எழுதினீங்க. நான் 'போ'ன்னே சொன்னவன்.

— யாருகிட்ட?

— நிகுஞ்ச். என் ஒரே பிள்ளை. கப்பல் உடைக்கிற தொழில் வேண்டாம்னான். சாகக்கிடக்கிற கப்பலா வந்து நிக்குது, பார்க்கவே பிடிக்கல, அமெரிக்கா போறேன்னான். நீ தின்ன சோறு அந்தக் கப்பல்ல வந்ததுடான்னு கத்தினேன். கிளம்பற அன்னிக்கு என் காலைத் தொட்டான். அவன் அம்மா படத்துக்கு முன்னாடி. 'போறேன் பாபுஜி'ன்னான். நான் 'ஜா'ன்னேன்.

— 'போ'ன்னா? வெறுமனே?

— வெறும் 'போ'. கரண்டு பில் கொண்டு வர்றவனுக்கு ஆவ்ஜோ சொல்றேன். எனக்கு எதிரா கேஸ் போட்டவன் வீட்டுக்கு வந்தான், அவனுக்கும் சொன்னேன். பெத்த பிள்ளைக்கு என் வாயில வரல. அவன் ஒரு நிமிஷம் நின்னான், பாக்கி வார்த்தை வரும்னு. வரலேன்னதும் போயிட்டான். பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு, படியேறல. என் போனை எடுக்கிறதும் இல்ல.

— ரமிலாபென் பேசினா?

— நான் அனுப்பினாக் கேப்பார் ஸாஹேப். வாரா வாரம் வாட்ஸ்அப்ல பேசி அனுப்புவேன். பாபுஜிக்குப் பிரஷர் இவ்வளவு, கஞ்சி குடிச்சார், குடிக்கல, என்னைத் திட்டினார், திட்டல. ஒரு கட்டைவிரல் படம் போடுவார். ஒருநாள் பாபுஜி வாய்கிட்ட போனை வெச்சு, நீங்களே சொல்லுங்கன்னேன். கேளுங்க, என்ன சொன்னார்னு.

— 'அங்க குளிரா?'ன்னேன். அதான் வந்துது. உயிர் போற மாதிரி முக்கினேன் கவிராஜ், அதுக்குமேல வரல. டாக்டர் சின்னப் பையன், ஆனா ஒளிக்கல. நவராத்திரி வரைக்கும் தாங்கறது கஷ்டம்னுட்டான். அந்தக் கடைசி ரெண்டு வரி இருக்கே, அதான் நான் அவனுக்குச் சொல்லவேண்டிய பேச்சு. வார்த்தை மாறாம அதேதான். என் வாய்க்கு அது வராது. உங்களுக்கு வரும். அதுக்குத்தான் உங்களைப் பிடிச்சு அடைச்சேன். தப்புத்தான்.

— என்னைக் கேட்டிருந்தா வந்திருப்பேனே.

— வந்திருக்கமாட்டீங்க. ஆவ்ஜோன்ன உடனே போனை வெச்சிருப்பீங்க.

— அதுவும் சரிதான். ரமிலாபென், போனை எடுத்துக்கிட்டு உள்ள வாங்க.

— பாபுஜி?

— வா வா. திறந்துட்டு வா.

— எப்பா, இந்தச் சக்கரம் கையை ஒடிக்குது. கதவு தானாச் சாத்திக்கும், ஸாஹேப் செருப்பையே முட்டுக்கொடுத்து வெச்சிருக்கேன். தப்பா எடுத்துக்காதீங்க.

— கதவு திறந்திருக்கு கவிராஜ். உங்க செருப்பும் அங்கயே இருக்கு. பஸ்ஸையும் பிடிச்சிடலாம்.

— தெரியுது காகா. பேசாம இருங்க. தொண்டையைச் சரிபண்ணிக்கிறேன்.

— அனுப்பறதுக்கு முன்னாடி நான் ஒரு வார்த்தை சேர்த்துப் பேசவா பாபுஜி? 'நிகுஞ்ச்பாய், இது அப்பா அனுப்பச் சொன்னது'ன்னு?

— வேண்டாம். கவிதைக்குப் பக்கத்துல உன் பேச்சு எதுக்கு? அவனுக்குப் புரியும். படிச்ச பிள்ளை.

— சரி. இதை அழுத்திப் பிடிச்சிருக்கேன். விரலை எடுத்தா போயிடும். சொல்லுங்க ஸாஹேப்.

— 'விளக்கை அணைக்கவில்லை, தாழும் போடவில்லை, ஆவ்ஜோ;
உன் காலடியன்றி வேறொன்றை இவ்வாசல் கேட்கவில்லை, ஆவ்ஜோ.'



'கழுவி வைத்த கோப்பை இரண்டில் ஒன்று காய்ந்து கிடக்கிறது;
கைகளுக்கு ஒன்று என்னும் கணக்கு இன்னும் பழகவில்லை, ஆவ்ஜோ.'

— ஐயோ... பாபுஜி...

— ஸ்ஸ். மூக்கை உறிஞ்சாதீங்க ரமிலாபென், அதுவும் சேர்ந்து பதிவாகும்.

'ஊர் எல்லைவரை வந்து நின்றேன், புழுதி அடங்கிவிட்டது;
போன வழியைப் பார்த்த கண்ணை நான் திருப்பவில்லை, ஆவ்ஜோ.'

— அம்மா... என்னால முடியலம்மா...

— 'பாதியில் விட்ட நம் சண்டை அப்படியே இருக்கிறது;
கோபத்தோடேயே வா, அதைத் தீர்க்கச் சொல்லவில்லை, ஆவ்ஜோ.'

— கோபத்தோடேயே வா. கோபத்தோடேயே வாடா. அதான்யா! அதான் என் பேச்சு. கவிராஜ், உங்க கையை இப்படிக் கொடுங்க. போச்சா ரமிலா?

— போயிடுச்சு பாபுஜி. அங்க இப்ப விடியக்காலம். ஓடறதுக்குக் கிளம்பற நேரம்தான்... ஐ! நீலமாயிடுச்சு, கேட்டுட்டார்.

— கேட்டானா? நிஜமாவா? கட்டைவிரல் போட்டானா?

— இன்னும் இல்ல. ஏதோ எழுதறார். நிறுத்திட்டார். மறுபடி எழுதறார்.

— நிதானமா எழுதட்டும். அவசரமில்ல. கவிராஜ், எனக்கு நெஞ்சு படபடங்குது. நல்ல படபடப்புத்தான், பயப்படாதீங்க. இன்னும் ரெண்டு காண்டியா எடுத்துக்கோங்க.

— உண்மையைச் சொன்னா எனக்கும்தான் காகா. எத்தனையோ வருஷம் கழிச்சு அந்த நாலு ஜோடி வரியையும் முழுசா ஒருத்தருக்குச் சொல்லியிருக்கேன். ஒருத்தராவது முழுசாக் கேட்டார்ல?

— பாபுஜி... வந்திருக்கு.

— படி, படி.

— 'ரமிலாபென், எப்போ ஆச்சு?'

— என்னது?

— 'ரமிலாபென், எப்போ ஆச்சு? கடைசியில ரொம்பக் கஷ்டப்பட்டாரா? நான் வர்ற வரைக்கும் எடுத்துடாதீங்க. இப்பவே டிக்கெட் போடறேன். நாளைக்கு ராத்திரிக்குள்ள அங்க இருப்பேன்.' அப்புறம் கீழ... 'என்கூட ஒரு சண்டை பாக்கி வெச்சிருந்தாரே, அதைக்கூடப் போடாமப் போயிட்டாரே'ன்னு.

— ரமிலாபென், அந்தப் பதிவைப் போடுங்க. கடைசியை மட்டும் போடுங்க.

— '...கண்ணை நான் திருப்பவில்லை, ஆவ்ஜோ.' 'அம்மா... என்னா—'

— நின்னுடுச்சு. ரமிலாபென், இதோட நின்னுடுச்சே! மிச்சம் எங்க?

— அங்கதானே முடியும் ஸாஹேப்? எல்லாப் பெஸ்ணுவுலயும் அங்கதானே முடியுது? அதுக்கப்புறம் எல்லாரும் எந்திரிச்சுக் கைகூப்பிட்டுக் கிளம்புவாங்க. முடிஞ்சுதேன்னு விரலை எடுத்துட்டேன். நீங்க அதுக்குமேல சொல்லிட்டே இருந்தீங்க, நான் அழுதுட்டே இருந்தேனா, எனக்கு ஒண்ணும்... ஐயோ, உயிரோட இருக்கிற மனுஷனை நான் கொன்னுட்டேனே!

— உங்க தப்பு இல்ல. என் ராசி. கொடுங்க போனை. மிச்சம் ரெண்டு வரியை இப்பவே சொல்லி அனுப்பிடறேன். அந்தப் பிள்ளை அங்க தனியா நின்னு அழறார்.

— வேண்டாம்.

— காகா?

— அழறானா? எனக்காகவா?

— பின்ன யாருக்காக? கொடுங்க ரமிலாபென்.

— கொடுக்காதே ரமிலா. கவிராஜ், நடந்ததுக்கப்புறம் சொன்ன ரெண்டு வரியை உங்க வீட்டம்மா நம்பினாளா? 'இப்பத்தானே சேர்த்தீங்க'ன்னா. இவன் மட்டும் நம்பிடுவானா? கிழவன் நாடகம் ஆடறான்னு டிக்கெட்டைக் கிழிச்சுப் போடுவான். அப்புறம் நிஜமாவே நான் போறப்பவும் வரமாட்டான்.

— அதுக்காக ஒரு பிள்ளையை விமானத்துல அவ்வளவு தூரம் அழவெச்சுக் கூட்டிட்டு வர்றதா? மன்னிக்கணும், இது அக்கிரமம்.

— அக்கிரமம்தான். எனக்கு அக்கிரமம் பண்ண நேரம் இருக்கு, சமாதானம் பண்ண நேரம் இல்ல.

— பாபுஜி, போன் அடிக்குது! நிகுஞ்ச்பாய்தான்!

— எடுக்காதே. அடிக்கட்டும். உன் குரலைக் கேட்டாலே கண்டுபிடிச்சிடுவான்.

— எடுங்க ரமிலாபென்! எடுத்துச் சொல்லுங்க! நான் ஒருத்தன் சாட்சி இருக்கேன்!

— நின்னுடுச்சு ஸாஹேப்.

— இப்ப நான் சொல்றதை எழுது ரமிலா. ஒரே வார்த்தை.

— சொல்லுங்க பாபுஜி.

— ஆவ்ஜோ.

— காகா, நீங்க... உங்க வாயால சொல்லிட்டீங்களே!

— வந்துடுச்சு பார்த்தீங்களா? பத்து வருஷமா முக்கினேன். செத்த அப்புறம் வருது.

— ஆனா அவர் அதை எப்படிப் படிப்பார்னு உங்களுக்கு நல்லாத் தெரியும். 'வா'ன்னு படிக்கமாட்டார்.

— எப்படி வேணா படிக்கட்டும். வரட்டும். வாசல்ல வந்து நின்னதும் நீங்க அந்த மிச்ச வரியை அவன் முகத்துக்கு நேராச் சொல்லுங்க. கோபத்தோடேயே உள்ள வரட்டும், என்னை அடிக்கட்டும்.

— நான் எப்படி? இன்னிக்கு அமரேலி... நான் கிளம்பறேன். ரமிலாபென், என் செருப்பு...

— நீங்க வெளிய போனா யாராவது ஒருத்தன்கிட்ட நான் உயிரோட இருக்கேன்னு சொல்லிடுவீங்க. அமரேலிக்கு ஒரு போன் போடுங்க, சாவு வீட்ல மாட்டிக்கிட்டேன்னு சொல்லுங்க, உங்க பேச்சை யாரும் சந்தேகப்படமாட்டாங்க. ரமிலா, செருப்பை எடுத்துட்டு வெளிய போய்ச் சக்கரத்தைச் சுத்து. என் பிள்ளை வர்ற வரைக்கும் நான் செத்தவன், கவிராஜ் துக்கத்துக்கு வந்தவர்.